அவள் காசு, என் ஆசை

பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு முதல் இங்க் பேனா வாங்கித் தர எவ்வளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு தாராளமாகப் போதும். மிச்சம் ஒன்பது பங்குதான் காரியத்தைக் கெடுத்தது.

சத்தியமங்கலத்திலிருந்து மாற்றலாகி குண்டலுபேட்டைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் செண்டுமல்லி வாங்கி விற்பவர். ஊரைச் சுற்றிச் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூக்கிற மாதங்களில் கேரளத்துக் கார்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நம்மவருக்கு எடை போட்டுச் சீட்டு எழுதவே பொழுது சரியாக இருக்கும். அவருடைய மகள்தான் எனக்குக் கன்னட எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் இங்க் பேனாவில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

“அங்கிள், எனக்கும் இங்க் பேனா வேணும். கையெழுத்து நல்லா வரும்னு மிஸ் சொன்னாங்க. 500 ரூபாய் சேர்த்து வெச்சிருக்கேன். எது வாங்கலாம்?”

எந்த நோட்டில் எழுதுவாய், எவ்வளவு பொடியாக எழுதுவாய், தினமும் எத்தனை பக்கம் என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் ராஜமுந்திரியிலிருந்து ஆரம்பித்தேன்.

சுதேசிப் பொருளாக ஏதாவது செய் என்று காந்தி சொன்னதைக் கேட்டு அங்கே ரத்னம் என்பவர் பேனா செய்த கதையைச் சொன்னேன். நம்ம தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா வழியாக அந்தப் பேனா காந்தி கைக்குப் போனதையும், 1935-இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதியதையும், கடைத்தெருவில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று அதில் சொன்னதையும் விவரித்தேன். பிறகு சென்னையின் கேமா, திருவள்ளூரின் ரங்கா பேனாக்கள். எபோனைட் தடியைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து ஒவ்வொரு பேனாவாகக் கையால் செய்வது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சுட்டால் எபோனைட் ஆவது. தங்க நிப்பானாலும் ஸ்டீல் நிப்பானாலும் காகிதத்தைத் தொடுவது முனையில் ஒட்டவைத்திருக்கும் வேறொரு கெட்டி உலோகத்தின் சின்னக் குண்டுதான் என்பதையும் சொன்னேன். சொன்னதிலேயே அவளுக்குப் பயன்பட்டிருக்கக் கூடியது அது ஒன்றுதான். ஆரம்பக்காரருக்கு ஸ்டீல் நிப்பு தாராளம் என்று அதற்கு அர்த்தம். அதை அவசரமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி அங்கிள், எது வாங்கலாம்?” என்றாள்.

ஒரு வெளிநாட்டுப் பேனாவை வாங்கி எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்கே வெகுநாளாக ஓர் ஆசை. விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய 500 ரூபாயோடு என் கைக்காசைப் போட்டு அதைத் தருவித்தேன். “குழந்தைக்கு எதுக்கு சார் இவ்வளவு விலையில?” என்று அவள் அம்மா கேட்டார். “நல்லதா ஒண்ணு வாங்கிட்டா ஆயுசுக்கும் வரும்மா” என்றேன். அவளுக்கு உதவுகிற பெரிய மனுஷன் என்ற பெயரும் கிடைத்தது, பேனாவை முதலில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. மீடியம் நிப்பு. வழுக்கிக்கொண்டு ஓடியது. என் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுப் பார்த்துப் பூரித்துப்போய்த்தான் அவளிடம் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? பேனாவோடு வந்த மை இழுக்கும் குழாயில் ஒரு மில்லிகூடப் பிடிக்காது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பேனா உடம்பிலேயே ஃபில்லரால் மையை ஊற்றிக் கொடுத்தேன். நாம் பள்ளிக்கூடத்தில் ஊற்றியது போலத்தான், அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்ற நினைப்பு. மையும் என் சேமிப்பிலிருந்த அடர்ந்த ஊதா. தண்ணீர் பட்டாலும் கலையாது என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

டிசம்பரில் பள்ளியிலிருந்து ஊட்டிக்குக் கூட்டிப்போனார்கள். தாவரவியல் பூங்காவில் மரங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். மூடியைத் திறந்ததும் விரலெல்லாம் ஊதா. சட்டையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

குண்டலுபேட்டை சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. பந்திப்பூர், முதுமலை தாண்டி மலை ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும். பேருந்தில் பிள்ளைகள் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் உப்பியிருக்குமே, அதே கதைதான் பேனாவுக்குள்ளும். பாதி மை, பாதி காற்று என்று இருந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் வழியாக மையை வெளியே தள்ளும். பேனா கக்குகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். கைச்சூட்டாலும் அப்படித்தான் கக்கும். மலை ஏறும்போது பேனாவை முழுக்க நிரப்பியோ சுத்தமாகக் காலி செய்தோ, நிப்பு மேலே பார்க்கும்படி வைத்துக்கொண்டு போக வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ராஜமுந்திரிக் கதை சொன்ன அன்று இதைச் சொல்ல வாய் வரவில்லை. சாதாரண ராயல் புளூ ஊற்றியிருந்தாலாவது சோப்புக்குப் பெரும்பாலும் போயிருக்கும். என்னுடைய பெருமைக்குரிய ஊதா போகவில்லை. அந்தச் சட்டையை அவள் அம்மா கரித்துணியாக்கிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊதாவைக் கொட்டிவிட்டுக் கறுப்பு ஊற்றிக் கொடுத்தேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் நடக்கும் பிரிபரேட்டரியை அதே பேனாவில் எழுதினாள். பேப்பர் திரும்பி வந்த அன்று மாடிக்கு வந்தாள். பேனாவை நன்றாகக் கழுவி, பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“இதை நீங்களே வெச்சுக்குங்க அங்கிள். எனக்கு இங்க் பேனா வராது.”

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் எழுதிய மை பின்பக்கம் ஊறி, அங்கே எழுதியதோடு கலந்திருந்தது. பக்கங்களில் சிவப்பு வட்டங்கள். சில விடைகளுக்குப் பக்கத்தில் படிக்க முடியவில்லை என்று எழுதி, மதிப்பெண் போடாமல் விட்டிருந்தார்கள்.

“பால் பாயிண்ட் மாதிரி அழுத்தி எழுதிட்டேனோ? என் கைதான் சரியில்லையோ?” என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளுடைய வகுப்பு நோட்டு மேஜைமேல் கிடந்தது. அதில் ஒரு வரி எழுது என்றேன். எழுதினாள். சின்ன, நெருக்கமான எழுத்து. கன்னடத்தில் எழுத்துக்குக் கீழே இன்னும் பொடியாக ஒத்தக்ஷரம் என்கிற கூட்டெழுத்தைப் போட வேண்டும். அவள் கை சரியாகத்தான் போட்டது, அழுத்தவும் இல்லை. ஆனால் மை பரவி, அந்தக் குட்டி வளைவுகள் அத்தனையும் அடைத்துக்கொண்டு புள்ளிகளாக நின்றன. பேனாவை வாங்கி, அதே நோட்டில், அவள் எழுதும் அளவிலேயே தமிழில் நான் எழுதிப் பார்த்தேன். ‘ண’வின் சுழியும் ‘ஞ’வின் சுழியும் மூடிக்கொண்டன. அந்தப் பேனாவை நான் வழவழப்பான தாளில், என் பெயரைப் பெரிதாகப் போட்டு மட்டுமே சோதித்திருந்தேன். அவளுடைய நோட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிறேன். மையை உறிஞ்சும் சொரசொரப்புக் காகிதம்.

“உன் கை நல்லாத்தான் இருக்கு. பேனாவும் நல்ல பேனாதான். நான்தான் உனக்குன்னு சொல்லி எனக்கு வாங்கிட்டேன்” என்றேன். அவள் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். பொதுத்தேர்வை பால் பாயிண்டில் எழுதினாள். 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. அவள் அம்மா வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோடை விடுமுறையில் அவள், அவள் அம்மா, நான் மூவரும் மைசூருக்குப் போனோம். ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடையில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அவள் தன் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் ஒவ்வொரு பேனாவாக மையில் தொட்டுக் கொடுக்க, ஒத்தக்ஷரம் போட்டுப் பார்த்தாள். ஐரோப்பிய ஃபைன் நிப்பைவிட ஜப்பானிய ஃபைன் பொதுவாக இன்னும் மெல்லியது. அவர்களும் நுணுக்கமான எழுத்து எழுதுகிறவர்கள். அதைச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவள் கடைசியில் எடுத்தது ஹீரோ. 1941-இல் வந்த பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்த சீனப் பேனா, ஒரு காலத்தில் நம்ம வாத்தியார்கள் பையில் செருகி நடந்தது. முனை மட்டும் வெளியே தெரியும், மற்ற நிப்பெல்லாம் உறைக்குள். அதனால் யோசித்துக்கொண்டே எழுதினாலும் மை சீக்கிரம் காயாது. உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை அமுக்கி விட்டால் மை ஏறிவிடும். அதோடு ஒரு பாட்டில் ராயல் புளூ. இரண்டையும் வாங்கிய பிறகும் அவளுடைய 500 ரூபாயில் பெரும்பகுதி மிச்சம்.

இப்போது அவள் பி.யு.சி. படிக்கிறாள், நோட்ஸ் எல்லாம் அந்தப் பேனாவில்தான். அவள் அப்பா ஒரு தடவை அதை வாங்கி எடைச் சீட்டு எழுதிப் பார்த்தார். கார்பன் காப்பி விழவில்லை என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தேவை எது என்பதில் அவருக்கு ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை.

வெளிநாட்டுப் பேனா என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட அருமையான பேனா. உங்கள் பிள்ளைக்கு என்ன பேனா வாங்கலாம் என்று என்னிடம் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். வரும்போது பிள்ளையையும் அதன் நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.