பிழைப் பெட்டியை மறைத்தவன்

அந்தப் பிழைச் செய்தி வராமல் செய்தது நான்தான். பிழையைச் சரிசெய்யவில்லை, மறைத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

ஒரு சரக்குக் கிடங்குக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. ஒரு திரைக்குள் வெப்பிரவுசர் கன்ட்ரோலை வைத்து, லாரி முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து, விவரங்களை ஸ்கிரிப்ட் நிரப்பவேண்டும். குரோமில் ஒழுங்காக ஓடிய பக்கம் எங்கள் திரையில் 'ஸ்கிரிப்ட் பிழை' என்று பெட்டி காட்டியது. மறுநாள் ஒப்படைப்பு. அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன், அன்றிரவு நேரம் இருந்தது. 'ஸ்கிரிப்ட்எர்ரர்ஸ்சப்ரஸ்டு' என்ற பண்பை 'ட்ரூ' ஆக்கினேன். கன்ட்ரோல் காட்டும் எல்லாப் பெட்டிகளையும் அது அடக்கிவிடும். சரியாகிவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன்.

தேடியிருந்தால் காரணம் கிடைத்திருக்கும். கணினியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இருந்தாலும், தனியாகச் சொல்லாதவரை இந்தக் கன்ட்ரோல் 7-ஆம் பதிப்பைப் போலத்தான் நடந்துகொள்ளும். பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஜேசன் வசதியோ 8-ஆம் பதிப்பில்தான் வந்தது. 'பதிவு செய்' பொத்தானின் ஸ்கிரிப்ட் ஜேசனைக் கூப்பிடும் வரியிலேயே நின்றுவிடும். அனுப்பும் வரி அதற்குக் கீழே இருந்தது.

கிடங்கில் பதிவு போடும் பெண்மணி அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். லாரி வராததற்குத் திட்டு வாங்கியவரும் அவர்தான். "நான்தான் ஏதோ தப்பா அழுத்துறேன் போல சார், கோச்சுக்காதீங்க" என்றார் போனில். "பாக்கறேம்மா" என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தேடினேன். ரிஜிஸ்ட்ரியில் 'ஃபீச்சர்_பிரவுசர்_எமுலேஷன்' என்ற இடத்தில், நிரலின் எக்ஸி பெயரில் 11001 என்று எழுதினால் கன்ட்ரோல் 11-ஆம் பதிப்பாக நடக்கும். அதையும் அரைகுறையாகச் செய்தேன். அன்றைய விஷுவல் ஸ்டுடியோவிலிருந்து ஓட்டினால் நிரலின் பெயரோடு 'விஎஸ்ஹோஸ்ட்' என்பதும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரில் மட்டும் எழுதியதால் என் மேசையில் ஓடியது, கிடங்கில் ஓடவில்லை. நிறுவும்போதே உண்மையான பெயரில் எழுதும்படி மாற்றி, மறைத்த பெட்டியையும் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் பதிவுகள் போகத் தொடங்கின.

கிடங்கு மேலாளரிடம் "புதுப் பதிப்பு போட்டிருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன். முந்தைய பதிப்பில் பொத்தான் வேலையே செய்யவில்லை, அந்த அம்மா மேல் தவறில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் மேல் விழுந்த பழியை எடுக்க என்னால் மட்டும்தான் முடிந்திருக்கும்.