ஆடுகளம் ஒன்று, வாயில்கள் இரண்டு

விளையாட்டென்பது படிப்பைக் கெடுக்க வந்த பகை என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர். பிள்ளையின் கையில் மட்டையைக் கண்டால் முகம் சுளிப்பதும், புத்தகத்தைக் கண்டால் மகிழ்வதும் நம் வழக்கம். ஆனால், அந்த மட்டையே புத்தகத்துக்கு வழிகாட்டும் நாடொன்று உண்டு. அமெரிக்காவிலே, ரென்னிஸ் நன்கு ஆடும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் பல்கலைக்கழகங்கள் பல புலமைப்பரிசில் அளித்துப் படிப்பிக்கின்றன.

நாம் ரென்னிஸ் ஆடத் தெரிந்தவர்கள் அல்லர். பார்த்து மகிழும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். விம்பிள்டன் தனியாட்டத்தில் ஆடுபவர் தமக்காகவே ஆடுகின்றார். கல்லூரி ரென்னிஸோ வேறு வகையானது. முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் நடைபெறும். அவற்றுள் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. பின்னர் ஆறு தனியாட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஏழு புள்ளிகளில் நான்கைப் பெற்ற அணியே வெல்லும். ஆகவே, ஆறாவது களத்தில் ஆடும், யாரும் பெயரறியாத ஒருவரின் கையிலும் அணியின் வெற்றி தங்கியிருக்கக்கூடும். ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் இம்முறை ஒன்றே.

ஆட்டம் ஒன்றாயினும், களத்துக்குட் புகும் வாயில் ஒன்றாக இருக்கவில்லை. பின்னாளிற் பில்லி ஜீன் கிங் எனப் புகழ்பெற்ற பெண்மணி, 1961 இல், தமது பதினேழாவது வயதில், விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் போட்டியில் வென்றார். அவ்வாண்டே லொஸ் ஏஞ்சல்ஸ் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆனால் ரென்னிஸுக்கான புலமைப்பரிசில் அவருக்குக் கிட்டவில்லை. சிறு வேலைகள் பார்த்தே படிக்க நேர்ந்தது. அதே நகரத்தின் வேறு பல்கலைக்கழகங்களிலே, அதே பத்தாண்டிலே, ஆர்தர் ஆஷும் ஸ்ரான் ஸ்மித்தும் ரென்னிஸ் புலமைப்பரிசில் பெற்றுப் படித்தனர். ஆஷ் 1965 இற் கல்லூரிகளின் தனியாட்டச் சம்பியனாகி, 1975 இல் விம்பிள்டனையும் வென்றவர். அவர்கள் பெற்றது தகுதிக்குரிய பரிசே. அதே தகுதி பெண்ணிடம் இருந்தபோது அது கண்ணிற் படாமற்போனதே குறை.

இதனை ஒருநாள் இராச் சாப்பாட்டின்போது வீட்டிற் சொன்னோம். மகள் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “அப்ப அவ வேலை செய்தோ படிச்சவ, அப்பா?” என்று கேட்டாள். ஆம் என்றோம். அதன்பின் அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மாற்றம் 1972 இல் வந்தது. மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. எனினும் விளையாட்டுக் களங்களின் வாயில்களை அது திறந்துவிட்டது. கல்லூரி ஆடவரின் சம்பியன் போட்டி 1883 இலேயே தொடங்கியது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான ரென்னிஸ் போட்டியை நடத்தத் தொடங்கியதோ 1982 இல். அம்முதற் போட்டியில் வென்ற அணி ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினுடையது. அங்கே டிக் கூல்ட் என்னும் பயிற்றுநரின் கீழ் ஆண்கள் அணி 17 முறை அச்சங்கத்தின் பட்டத்தை வென்றிருக்கின்றது. பெண்கள் அணியோ 2019 வரையில் 20 முறை வென்றுவிட்டது. வாயில் திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. 2025 இல் விதிகள் மாற்றப்படும்வரை, முதற்பிரிவிலுள்ள பெண்கள் ரென்னிஸ் அணி எட்டுப் புலமைப்பரிசில்கள் வழங்கலாம். ஆண்கள் அணிக்கோ நான்கரைதான். “அப்ப பெடியளுக்கு ஏன் குறைவு?” என்றான் மகன். நியாயமான கேள்வியே. அமெரிக்கக் காற்பந்து ஒன்றே மேல்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்களுக்கான 85 புலமைப்பரிசில்களை எடுத்துக்கொண்டது. தராசைச் சமன்செய்ய வேண்டியபோது, ரென்னிஸ் போன்ற சிறு விளையாட்டுகளில் ஆண்களின் பங்கு சுருங்கிற்று. சில இடங்களில் ஆண்கள் அணிகளே மூடப்பட்டன. நீதியைப் பங்கிடுவது அப்பம் பங்கிடுவதைப்போல் எளிதன்று என்பதை இரு பிள்ளைகளும் அன்று ஒருவாறு அறிந்தனர்.

நம் நாட்டுப் பிள்ளைகள் யாவரும் அமெரிக்கா சென்று ரென்னிஸ் ஆடப் போவதில்லை. ஆயினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. பல்கலைக்கழகம் கொடுக்கும் புலமைப்பரிசில் பிந்தியே வருவது. அதற்கு முந்திய பரிசிலைக் கொடுப்பது வீடு. மாலைப்பொழுதில் ஒரு மணிநேரம், ஒரு சோடிச் சப்பாத்து, “போய் விளையாடு” என்னும் ஒரு சொல்: அவ்வளவே அது. மகன் கேளாமலே பெறும் அதனை மகளும் கேளாமலே பெறுவாளாக. குசினி வேலை காத்திருந்தால், அன்று அதனை இருவருமே பகிர்ந்து செய்யட்டும்.