தீவை முதலில் பார், அறையை அப்புறம் பார்

திகுரா தீவு, மாலத்தீவு
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புத் தோழிக்கு,

அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்கு நீங்களும் மாலத்தீவு வரப் போவதாகவும், எந்த ரிசார்ட் நல்லது என்று சொல்லும்படியும் கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் ஒரு பெயரைத் தட்டி அனுப்பிவிடலாம்தான். ஆனால் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு வரப் போகிறாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்கள் முழுக்க அறைகளின் படங்கள். தண்ணீர் மேல் நிற்கும் குடில், கண்ணாடித் தரை, கடலைப் பார்த்த குளியல் தொட்டி. எல்லாம் அழகுதான். ஆனால் இங்கே ஒரு ரிசார்ட் என்றால் ஒரு முழுத் தீவு. 1972-இல் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து இந்த நாட்டின் வழக்கம் இதுதான். பக்கத்துத் தெருவில் வேறு ஓட்டல் கிடையாது, பெட்டிக்கடை கிடையாது, பிடிக்கவில்லை என்று எழுந்து நடக்க வழியும் கிடையாது. பகல் முழுக்க நீயும் பிள்ளைகளும் இருக்கப் போவது அந்த மணலிலும் அந்தத் தண்ணீரிலும்தான். அறைக்குத் தூங்கத்தான் வருவீர்கள். ஆகவே முதலில் தீவைத் தேர்ந்தெடு.

தீவை எப்படிப் பார்ப்பது? பவளப்பாறை கரையிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கேள். சில தீவுகளில் முப்பது நாற்பது அடி நடந்தாலே பாறையின் விளிம்பு வந்துவிடும். அங்கிருந்து கடல் சட்டென்று கருநீலமாக இறங்கும். நன்றாக நீந்துகிறவர்களுக்கு அது சொர்க்கம். நீச்சல் தெரியாத நம் பிள்ளைகளுக்கு இடுப்பளவுத் தண்ணீர் அகலமாகப் பரந்து நிற்கும் லகூன்தான் ஏற்றது. இரண்டும் ஒரே தீவில், எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்திருந்தால் அந்தத் தீவை விடாதே. கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்: வெளிர்ப் பச்சை லகூன், பழுப்புத் திட்டுகள் பாறை, அதற்கு வெளியே கருநீலம் ஆழ்கடல். கரையை அரிப்பிலிருந்து காக்க அடுக்கியிருக்கும் கருங்கல் வரிசையும் அதில் தெரியும். விளம்பரப் படத்தில் அது இருக்கவே இருக்காது.

மணலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கத்து மணலை வாரி மறுபக்கம் சேர்க்கும், வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். ஜனவரியில் அறை வாசலில் அகலமான மணல்வெளி இருந்த இடத்தில் ஜூலையில் அலை வந்து படியைத் தட்டலாம். நீ வரும் மாதத்தில் எந்தப் பக்கம் மணல் இருக்கும் என்று எழுதிக் கேள். நல்ல ரிசார்ட் என்றால் உண்மையைச் சொல்வார்கள். மழுப்பினால் வேறு தீவைப் பார்.

பாறைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இந்தப் பயணத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் கறுக்கு கறுக்கென்று ஒரு சத்தம். பச்சையும் ஊதாவும் கலந்த கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டுகிறது. பாறையில் படிந்த பாசிதான் அதற்குச் சாப்பாடு. கூடவே வரும் கல்லை உள்ளேயே அரைத்து வெள்ளைத் தூளாக வெளியே விட்டுவிடுகிறது. நாம் நடக்கும் மணலில் பெரும்பகுதி இப்படி மீன் அரைத்துக் கொடுத்ததுதான். உச்சி வெயிலிலும் அது நம் ஊர் மணலைப் போலக் காலைச் சுடுவதில்லை. இதைச் சொன்னதிலிருந்து சின்னவன் மணலைக் கையில் அள்ளி அள்ளிப் பார்க்கிறான்.

1998-லும் 2016-லும் கடல் சூடேறி இங்குள்ள பவளங்கள் ஏராளமாக வெளுத்துச் செத்தன. சில இடங்களில் மீண்டு வருகின்றன, சில இடங்களில் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கின்றன. மிதித்தால் ஒடியும், ஒடிந்தது மறுபடி வளர வருஷக்கணக்கு ஆகும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டி வா. கரையில் கிடக்கும் பவளத் துண்டைக்கூட ஊருக்கு எடுத்துப் போகச் சட்டம் அனுமதிக்காது. ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை, நீச்சலுக்கு என்றே விற்பதை, வாங்கிக்கொள். குப்புற மிதந்து மீன் பார்க்கும்போது முதுகு வெந்துவிடும். உன் பெரியவன் கண்ணாடி போடுகிறான் இல்லையா? முகமூடிக்குள் சாதாரணக் கண்ணாடி அடங்காது. பவர் போட்ட முகமூடி கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடு. இல்லாவிட்டால் பாவம், எல்லாரும் மீன் மீன் என்று கத்தும்போது அவனுக்கு நீல மூட்டம் மட்டும்தான் தெரியும்.

தண்ணீர்க் குடில் வேண்டாம். படி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. பல ரிசார்ட்டுகள் சின்னப் பிள்ளைகளை அங்கே தங்கவே விடுவதில்லை. கரையிலுள்ள வில்லா எடு. கதவைத் திறந்தால் மணல், பத்தடியில் நிழல். நீ நிம்மதியாக உட்காரலாம்.

இனிப் பணம். இணையத்தில் காட்டும் வாடகையை அப்படியே நம்பாதே. அதன் மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம், இரண்டும் சேர்ந்த தொகை மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி. 100 டாலர் என்று எழுதியிருந்தால் கையைக் கடிப்பது 128 டாலர் 70 சென்ட். அதோடு பசுமை வரி: ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஐம்பது அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இல்லை. ஐந்து பேர் நான்கு இரவு ரிசார்ட்டில் இருந்தால் பசுமை வரி மட்டும் 240 டாலர். எங்களுக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட் முதல் கணக்கில் இதில் எதையும் காட்டவில்லை, கேட்ட பிறகுதான் சேர்த்துக் கொடுத்தார். வரி உள்பட மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கு.

விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் செலவு தனி. தூரத்து ரிசார்ட்டுகளுக்குக் கடல்விமானம். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் அந்தச் சின்ன விமானத்தில் விமானிகள் வெறுங்காலோடு உட்கார்ந்து ஓட்டுவார்கள். மேலிருந்து தெரியும் தீவு வளையங்களை வாழ்நாளில் மறக்க முடியாது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் போக வர ஆளுக்கு நானூறு ஐந்நூறு டாலர் சாதாரணமாக ஆகும். பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். உன் விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ பக்கத்து ஹுலுமாலேயிலோ தங்க வேண்டிவரும், அதற்கும் செலவு. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் போனால் பணம். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஸ்பீட்போட்டில் எட்டும் தீவு போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் ஓர் இரவு தங்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் இருக்கிறது. நெல்லையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது ரிசார்ட் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் உட்கார்ந்து எழுதும் திகுரா, ஜனங்கள் குடியிருக்கும் தீவு. 2010-ஐ ஒட்டித்தான் இப்படிப்பட்ட ஊர்களில் வெளிநாட்டார் தங்க விருந்தினர் இல்லங்களுக்கு வழி பிறந்தது. அதற்கு முன் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ரிசார்ட்தான். இங்கே வாடகை பல மடங்கு குறைவு. காலையில் பெண்கள் தெரு மணலைப் பெருக்கிக் கோடு போட்டு வைக்கிறார்கள். வாசலுக்கு வாசல் இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய சாய்வு நாற்காலிகள். எங்கள் அத்தை முதல் நாள் மாலையே அதில் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு இந்த ஊர்த் திவேஹி மொழி தெரியாது. சீமைப்பலா மரத்தைக் காட்டி ஒருவர் ஏதோ கேட்க, மற்றவர் கையாலேயே சமையல் முறை சொல்ல, பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே வருமுன் தங்கிய ரிசார்ட்டில் அத்தைக்குப் பொழுது போகவில்லை. இங்கே கிளம்ப மனசில்லை. உங்கள் அத்தைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காலைச் சாப்பாடு மாஸ் ஹுனி: சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் எல்லாம் கையால் பிசைந்து, ரொஷி என்ற மெல்லிய ரொட்டியோடு. தூத்துக்குடிக் கடைகளில் கட்டையாக விற்கும் மாசிக் கருவாடு சூரையை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்ததுதான். இங்கே சூரையை வலை போட்டு வாருவதில்லை, தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றி மாலேக்கு வருவது உனக்குத் தெரிந்திருக்கும். காய்கறி கப்பலில் வரும் ஊர் என்பதால் சைவக்காரர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், சும்மா காய்க்கறியிலும் மீன் சேர்ந்திருக்கலாம். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும்.

இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் திமிங்கலச் சுறா வருஷம் முழுக்க உலவுகிறது. 2009-இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. காலையில் படகில் கூட்டிப் போகிறார்கள். தென்படும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள், சொன்னால் நம்பாதே. எங்களுக்குத் தென்பட்டது. பெரியவள் உயிர்காப்புச் சட்டையோடு மிதந்தபடி பார்த்தாள். படகு நீளத்துக்கு ஓர் உடல், முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், வாய் கொஞ்சம் திறந்தபடி, யாரையும் லட்சியம் செய்யாமல் கீழே நகர்ந்து போனது. தொடக் கூடாது, கிட்டே நெருங்கக் கூடாது, குறுக்கே போகக் கூடாது. வழிகாட்டி சொல்வதைக் கேட்கும் பிள்ளையை மட்டும் இறக்கு.

வசதிக் குறைவையும் சொல்ல வேண்டும். மாலேயிலிருந்து இங்கே ஸ்பீட்போட்டில் இரண்டு மணி நேரம். முன்பக்கம் குலுக்கி எடுக்கும், அத்தையைப் பின்னால் உட்கார வை. முதுகுவலி இருந்தால் பக்கத்து மாமிகிலி தீவு வரை உள்நாட்டு விமானம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இங்கே வார விடுமுறை, படகுகள் குறைவு, அன்று பயணம் வைக்காதே. ஊருக்குள் உடை அடக்கமாக இருக்க வேண்டும், மது கிடையாது. நமக்கு இரண்டும் கஷ்டமே இல்லை. ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், நாள்காட்டியைப் பார்த்துக்கொள்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல் பிற்பாதி. டிசம்பர் கடைசியில் வாடகை உச்சத்தில் நிற்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குக் கட்டாயப் பணமும் பல ரிசார்ட்டுகளில் உண்டு. ஈஸ்டர் கழிந்தால் விலை இறங்கும், கடல் அமைதியாக இருக்கும், வெயில் மட்டும் கடுமை. மே பிறந்தால் மழை தொடங்கிவிடும். பா அடோல் என்ற தீவுக்கூட்டத்திலுள்ள ஹனிபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவதைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த மழைக்காலம்தான். குழந்தைகள் வளரட்டும், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விசாவுக்கு அலைய வேண்டாம், இறங்கியதும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். ஐமூகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. அத்தையின் மாத்திரைகளுக்கு மருந்துச் சீட்டு எடுத்து வா. ஒன்று முக்கியம்: வழிபாட்டுக்கான விக்கிரகம் எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பூஜைப் பெட்டியிலுள்ள சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி அத்தையிடம் பக்குவமாகச் சொல். சுங்கத்தில் நிற்கும்போது சொன்னால் மனசு நொந்துவிடும்.

என் யோசனை இது: மாலேக்குப் பக்கத்தில், லகூன் அகலமான ஒரு ரிசார்ட்டில் இரண்டு மூன்று இரவு. மீதி நாளெல்லாம் திகுரா போன்ற ஊர்த் தீவில். திரும்பும் வழியில் அரை நாள் மாலே. மீன் சந்தையையும், 1658-இல் பவளக்கல்லில் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலையும் வெளியிலிருந்தாவது பார்க்காமல் வராதே. அந்தக் கல்லில் செதுக்கியிருக்கும் நுணுக்கத்தை நீ நம் கோயில் தூண்களில் மட்டும்தான் பார்த்திருப்பாய்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட்டுக்கு இந்த மாதமே விண்ணப்பித்துவிடு. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் தீவின் பெயரை எனக்கு எழுது. பாறை எந்தப் பக்கம், லகூன் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு பணம் கட்டு.

அன்புடன்,
உன் தோழி