அம்மா பாடிய பாட்டு

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் கோயில் கொண்டுள்ள பழம்பதி அது. திருக்கருவை என்னும் பெயரால் அந்தாதி நூல்களில் போற்றப்படும் பெருமையும் உடையது. அங்கு ஆண்டுதோறும் ஆவணித் தபசுத் திருவிழா நடைபெறும். தொழிலின் பொருட்டு வெளியூர்களில் வாழ்வோர் பலர் அந்நாளில் ஊர் திரும்புவர்.

ஓர் ஆண்டு, உடன்பிறந்தார் இருவர் அவ்விழாவிற்கு வந்திருந்தனர். மூத்தவர் மதுரையில் மருத்துவர். இளையவர் சென்னையில் கணிப்பொறிப் பொறியாளர். அவர்தம் தந்தையார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஊரிலேயே வாழ்பவர். மைந்தர் இருவரும் தனித்தே வந்தனர். மனைவி மக்களை அழைத்து வரவில்லை.

"பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிறது, அப்பா" என்றார் மூத்தவர்.

"திருவிழா முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்து காட்டிவிடலாம்" என்றார் இளையவர். தந்தையார் ஒன்றும் கூறவில்லை.

இரவில் நாகசுரம் முழங்கியது. வித்துவான் இராகத்தைத் தொடங்கியதும், இளையவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கலானார். அருகில் நின்ற முதியவர் ஒருவர் தம்மை மறந்து தலையசைத்தார். அதனைக் கண்ட வித்துவான் முகம் மலர்ந்து, அதே பிடியை மீண்டும் ஒருமுறை அழகுற வாசித்தார். கேட்பவர் உள்ளம் இசைப்பவரைத் தூண்டுகிறது. இசைப்பவர் திறம் கேட்பவரை மகிழ்விக்கிறது. நேரில் கேட்கும் இசைக்கு உரிய சிறப்பு இதுவேயாகும்.

வீடு திரும்பியபின் மூவரும் திண்ணையில் அமர்ந்தனர். மூத்தவர் கூறினார்: "இன்று பல கோயில்களில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் வந்துவிட்டன. பொறி தவறாமல் அடிக்கும். ஆனால், கேட்பவர் தலையசைத்தால் அதற்குத் தெரியுமா?"

"பொறியை அவ்வாறு பழிக்கலாமா, அண்ணா? காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் மறைந்தார். நாம் பிறக்கும் முன்பே. 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் வாசித்த நாகசுரத்தை இன்றும் கேட்கிறோமே! ஒலிப்பதிவு இல்லையேல் அது நமக்குக் கிட்டியிருக்குமா?" என்றார் இளையவர்.

"கிட்டியிராது. எனினும், பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களே ஓடும். நெடுநேரம் விரியும் ஆலாபனை அதற்குள் சுருங்க வேண்டியதாயிற்று. பொறி கொடுப்பதும் உண்டு, எடுத்துக்கொள்வதும் உண்டு" என்றார் மூத்தவர்.

அதுகாறும் கேட்டிருந்த தந்தையார் மெல்லப் பேசினார். "நம் ஊருக்கு அண்மையிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடிய அவர், 1891-இல் இளமையிலேயே மறைந்தார். எடிசன் 1877-இலேயே ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்திருந்தும், ரெட்டியாரின் குரலை நாம் கேட்பதற்கில்லை. ஆயினும் சிந்து அழியவில்லை. காவடி எடுத்தோர் பாடினர்; தாய்மார் பாடினர். உங்கள் அம்மாவும் இத்திண்ணையில் இருந்து உங்களுக்குப் பாடினாள்."

இளையவர் திடுக்கிட்டார். எத்தனையோ கருவிகளை ஆளும் அவரிடம், மறைந்த அன்னையின் குரல் ஒரு நொடியளவும் இல்லை. "அம்மாவின் பாட்டைப் பதிவு செய்யாமல் விட்டேனே!" என்று கலங்கினார்.

"பதிவு செய்வதற்கும் அருகில் வந்து உட்கார வேண்டுமே, தம்பி" என்றார் தந்தையார்.

மறுநாள் காலையில் இளையவர் கைப்பேசி வழியாகத் தம் மகளை அழைத்தார். அம்மா பாடிய சிந்தைத் தாமே பாடத் தொடங்கினார். இரண்டாம் அடியிலேயே சொல் மறந்தது. தந்தையார் எடுத்துக் கொடுத்தார். மூத்தவர் தொடையில் தாளம் இட்டார். பாட்டு ஒருவாறு முடிந்தது.

"தாத்தா, இன்னொரு முறை பாடுங்கள், நானும் உடன் பாடுகிறேன்" என்றது சென்னையிலிருந்து வந்த குரல்.

தொலைவிலுள்ளோரை இணைக்கும் ஆற்றல் கருவிக்கு உண்டு. ஆனால், பாடுவதற்கு ஒருவரும், அமர்ந்து கேட்பதற்கு ஒருவரும் வேண்டும். அதற்குரிய பொழுதைக் கருவி தருவதில்லை. நாமே ஒதுக்குதல் வேண்டும்.