டயரின் உள்விளிம்பு

என் தந்தையார் யட்டியாந்தோட்டைப் பகுதியில் ஓர் இறப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். நானோ கணிதம் கற்பிப்பவன். தேய்மானத்தைப் பற்றி எங்களிருவரில் யாருக்கு அதிகம் தெரியும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் விடை கிடைத்தது.

அவ்வாண்டு நாடு பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய்க்கு வரிசை, டயரின் விலையைக் கேட்டாலோ தலை சுற்றியது. முந்திய ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை மே 23ஆம் திகதிதான் தொடங்கிற்று. பஸ் வருமோ வராதோ என்ற நிலையில், எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரை என் மைத்துனரின் பழைய கெப் வண்டியில் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டு சேர்ப்பதென ஏற்பாடாயிற்று. இறப்பர் ஷீட் ஏற்றி உழைத்த வண்டி அது.

முதல் நாள் மாலை நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். டயர்களின் வெளிப்புறத்தில் பள்ளக் கோடுகள் ஆழமாகத்தான் தெரிந்தன. “இன்னும் ஆறு மாதம் தாராளமாக ஓடும், மச்சான்” என்றேன்.

திண்ணையில் இருந்த அப்பா எழுந்து வந்தார். கண் பார்வை மங்கியவர். முன்சக்கரத்தின் அருகே குந்தி, டயரின் பின்புறமாகக் கையை நுழைத்துத் தடவினார். “இங்க தொட்டுப் பாரு தம்பி. இந்தப் பக்கம் பட்டையே இல்ல” என்றார். தொட்டேன். விரலில் கம்பி நெருடியது.

‘பட்டை’ என்ற அச்சொல் அவருடைய தொழிலின் சொல். பால் வெட்டுபவர் ஒவ்வொரு தடவையும் சீவுவது ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீற்றர் பட்டையைத்தான். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஒரே சரிவில், ஒரே ஆழத்தில் கத்தி இறங்க வேண்டும். ஓரிடத்தில் ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. சீராகத் தேயாததைக் கண்டுபிடிக்க அவர் கைக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. 1876இல் ஹேனரத்கொடைக்கு இறப்பர் நாற்று வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். இவ்விரண்டும் நிகழாதிருந்தால் எங்கள் பாட்டன்மார் இம்மலைகளில் குடியேறியிருப்பார்களா என்பதே ஐயம். ஆயினும் அப்பா தம் ஆயுளில் ஒரு டயரும் வாங்கியதில்லை.

இடப்பக்க டயரைக் கழற்றி, மேலதிகச் சக்கரத்தைப் பூட்டினோம். வலப்பக்கம் அத்தனை மோசமில்லை. மறுநாள் காலை அடைமழை. ஒரு வளைவில் எதிரே லொறி வர, மைத்துனர் பிரேக்கை அழுத்தினார். வண்டி ஓரமாக நின்றது. பின்னால் பிள்ளைகள் தார்ப்பாயின் கீழ் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பழைய டயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

வேறொரு கணக்குப் போட்டேன். சக்கரம் போகும் திசையிலிருந்து ஒரே ஒரு பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 17 மீற்றர் தூரம் அது பக்கவாட்டில் இழுபட்டு அரைகிறது. ஒரு பாகையின் சைன் பெறுமானத்தை மாணவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தோட்டப் பாதையின் குழியொன்றில் மோதினால் போதும், அந்த ஒரு பாகை வந்துவிடும். எங்கள் வண்டியில் இடப்பக்க மூட்டும் தேய்ந்து, சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்ததாகக் கராஜில் சொன்னார்கள். அதனால்தான் நிற்பவன் கண்ணுக்குப் படாத உள்விளிம்பு முதலில் போயிற்று.

டயரே தன் குறையைச் சொல்லிவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பும்போது அரத்தைப்போல் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரத்தின் திசை பிசகியிருக்கிறது. இடையிடையே குழிகுழியாகத் தேய்ந்தால் அதிர்வு தாங்கியைப் பார்க்க வேண்டும். கெப் வண்டிக்குச் சுமையோடு ஓடும்போது ஓர் அளவு, வெறுமையாக ஓடும்போது ஓர் அளவு என்று காற்றழுத்தம் வேறுபடுவதுண்டு. கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தாளில் அது இருக்கும். மைத்துனர் பத்து ஆண்டுகளாக அதை வாசித்ததில்லை. ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றுவது நல்ல பழக்கமே. ஆனால் திசையைச் சீர்செய்யாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர் ஒரு டயருக்குப் பதிலாக நான்கையும் கெடுக்கிறார் என்பது என் கட்சி. பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். தேய்ந்த மேற்பரப்பு எந்த இடத்திலாவது அவற்றோடு சமமாகிவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் ஆழமே. இரத்தினபுரி, கேகாலை மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று மைத்துனர் வண்டியை லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அப்பா நான்கு சக்கரங்களையும் தடவிப் பார்த்து எழுந்த பிறகுதான், கராஜுக்குப் போவதா வேண்டாமா என்பது தீர்மானமாகிறது.