நடுவில் இருக்கும் சொல்



லண்டனில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், மேசைக்கு ஒருவராவது மருத்துவம் படிக்கும் பிள்ளை இருக்கும். என் சித்தியின் மகளும் அப்படி ஒருத்தி. போன வருடம் மருத்துவமனையில் வேலை தொடங்கினாள். கணினியில் முடிக்கவேண்டிய பயிற்சிகளில் ஒன்று 'பிரிவென்ட்', அதாவது வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பது பற்றியது. "அண்ணா, இனி நாங்கள் பொலிஸ் வேலையும் செய்யவேணுமோ?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து பொது மருத்துவமனைகளுக்கு இந்தக் கடமையைக் கொடுத்தது. யாராவது பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுகிறாரோ என்று சந்தேகம் வந்தால் ஊழியர்கள் செய்யவேண்டியதை அந்தப் பயிற்சி மூன்று சொற்களில் சொல்கிறது: கவனி, சரிபார், பகிர்.

நான் மென்பொருள் ஆலோசகன். எச்சரிக்கை மணிகளோடுதான் என் வேலை. அதனால் நடுச்சொல்லில்தான் என் கண் நின்றது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் பேரில் 10 பேர்தான் உண்மையில் ஆபத்தானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கணிப்பு 100க்கு 99 தடவை சரி என்றாலும், ஏறக்குறைய 1,000 அப்பாவிகள் மேல் சந்தேகம் விழும். கவனிப்பதிலிருந்து நேரே பகிர்வதற்குத் தாவினால் இதுதான் நடக்கும்.

அந்த அப்பாவி அடுத்த முறை மருத்துவரிடம் வாய் திறக்கமாட்டார். வாய் திறக்காதவரின் நோயையும் பார்க்க முடியாது, கோபத்தையும் பார்க்க முடியாது.

சரிபார்ப்பதில் தவறினால் மறுபக்கமும் ஆபத்துத்தான். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவனைப் பற்றி அதற்கு முன்பே மூன்று தடவை பிரிவென்ட்டுக்குத் தகவல் போயிருந்தது. மூன்று தடவையும் கோப்பு மூடப்பட்டது. எனவே 'ஒன்றையும் சொல்லாதே' என்பது என் அறிவுரை அல்ல. உயிராபத்து என்று தெரிந்தால், நோயாளியின் இரகசியம் காக்கும் கடமையைத் தாண்டியும் மருத்துவர் சொல்லலாம்.

எங்கள் அப்பா, அம்மாமாருக்கு 'தடுப்பு' என்ற சொல்லே கசக்கும். இலங்கையில் 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982இல் நிரந்தரமானது. வழக்கு விசாரணை இல்லாமல் 18 மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்க அது இடம் கொடுத்தது. அதுவும் பிரிவென்ட்டும் ஒன்றல்ல. பிரிவென்ட் வழியாக வரும் 'சனல்' உதவித் திட்டத்தில் சேர்வதற்கு அந்த நபரின் சம்மதம் வேண்டும். ஆனாலும் ஒன்றை எங்கள் வீடுகளில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்: சந்தேகப்படும் அதிகாரம் ஒரு கையில் வந்தால், அதைக் கேள்வி கேட்க இன்னொருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

வார்டில் அந்த இன்னொருவர் யார்? பெரிய மருத்துவர் "இந்த ஆளைப் பற்றி எழுதி அனுப்பு" என்று சொல்லும்போது, ஒரு வருட அனுபவமுள்ள பிள்ளை என்ன செய்யும்? பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இது இன்னும் கஷ்டம். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2012இல் தலைமைத்துவம் பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே 'எல்லா மருத்துவர்களுக்கும்' என்று இருந்தது. பதவி கிடைத்த பிறகு பழகும் வித்தை இல்லை இது.

அதற்கு மேடைப் பேச்சு தேவையில்லை. மரியாதையோடு சில கேள்விகள் போதும். அவர் சரியாக என்ன சொன்னார்? யார் நேரில் கேட்டது? இது அரசியல் கோபமா, மனநோயா, துக்கமா, அல்லது யாரையாவது தாக்கும் திட்டமா? இதே வார்த்தைகளை வேறு பெயருள்ள, வேறு நிறமுள்ள ஒருவர் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்போமா? பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பேசியாகிவிட்டதா?

பதில்கள் பயம் தந்தால் உடனே பகிருங்கள், தயங்கவேண்டாம். பதிலே இல்லையென்றால் அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு நோயாளிக்குப் பக்கத்தில் இன்னும் பத்து நிமிடம் இருங்கள். பரீட்சைக்குப் படிக்கும்போதே இந்தக் கேள்விகளை நண்பர்களோடு சொல்லிப் பழகுங்கள். வார்டில் அவசரம் வரும்போது, பழகிய சொல்தான் வாயில் வரும்.