எதிர் வீட்டுத் திரைச்சீலை

முழங்கால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் எங்கும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போர்ச்சில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கண்ணுக்குக் கிடைப்பது எதிர் வீடு ஒன்றுதான். ஸ்ரீ கெம்பாங்கானில் எண்பதுகளில் எழும்பிய வரிசை வீடுகளில், நடுவில் மாட்டிக்கொண்ட வீடு. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். காற்று முன்னால் நுழைந்து பின்னால் போனால்தான் உண்டு.

அந்த வீட்டு ஹால் ஜன்னலில் பச்சைத் திரைச்சீலை தொங்கும். அது ஆடி நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

வீடு கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டதையும் இதே போர்ச்சிலிருந்துதான் பார்த்தேன். முதலில் பின்முற்றம் போனது. அடுப்படி சின்னதாக இருக்கிறதென்று பின்சுவர் வரை இழுத்துக் கூரை போட்டார்கள். அடுத்து வாசல் மாமரம். காடி நிறுத்த இடமில்லை என்று வெட்டி, தரைக்குச் சிமெண்டும் தலைக்குத் தகர அவ்னிங்கும் வந்தன. பிறகு அறைகளிலிருந்த, கைப்பிடியை அழுத்தித் திறந்து மூடும் நாக்கோ கண்ணாடித் தகடுகளைக் கழற்றிவிட்டு இழுத்துச் சாத்தும் கண்ணாடி. எல்லாம் முடிந்தபோது வீடு கொதித்தது. ஏர்கோன் மாட்டினார்கள். இந்தத் தாமானில் முக்கால்வாசி வீடுகளின் கதை இதுதான், என் வீடு உட்பட.

இப்போது உடைக்கிறார்கள்.

வேலையை நடத்துவது மருமகள். மேற்பார்வை மாமனார். செர்டாங் விவசாயக் கல்லூரித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய அது 1971-இல் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா என்று பெயர் மாறியபோதும் அவருக்கு இன்றைக்கும் ‘கல்லூரி’தான். எட்டு மணிக்குக் கோப்பிக் குவளையோடு வந்து, சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிடுவார். யாரையும் அதட்டமாட்டார்.

இரண்டாம் நாள் சிலிங்கைப் பெயர்த்தார்கள். வங்காளதேசத்துப் பையன் ஒருவன், முகத்தில் துணிகூட இல்லாமல், சுத்தியலால் அடித்து உதிர்த்தான். வெள்ளைத் தூள் வாசல் வரை பறந்தது. அந்தக் காலத்துச் சிலிங் பலகைகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது சாதாரணம். அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. பெரியவர் எழுந்தார். தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்து வந்து பலகைகளை நனைத்தார். பையனின் சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஆணியைப் பிடுங்கிப் பலகையை முழுசாக இறக்கும்படி கையாலேயே காட்டினார். தன் பையில் இருந்த முகக்கவசத்தையும் கொடுத்தார். மேலேயிருந்து எலிக்கூடு ஒன்றும், இறகு உதிர்ந்த பூப்பந்து ஒன்றும் விழுந்தன. பூப்பந்தை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓடுகளை வரிசை வரிசையாகத் தூக்கி, அடியில் அலுமினியத் தாள் விரித்தார்கள். அந்த வேலைக்கு மட்டும் நான்கு நாள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே. சூரியன் சுவரை விடக் கூரையைத்தான் அதிகம் வாட்டும். ஓடு பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் கீழே இறக்கும், படுத்திருப்பவர் தலையில். பளபளக்கும் தாள் அந்தக் கதிர்வீச்சைத் தடுக்கும், ஆனால் பளபளப்பான பக்கத்தில் காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். எதன் மேலாவது ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம்தான். அதற்கும் கீழே, புது சிலிங் மேல் பாறைக்கம்பளி. அம்பாங்கில் கட்டடக் கலைஞர் கென் இயாங் எண்பதுகளின் நடுவில் தன் வீட்டுக் கூரைக்கு மேல் இன்னொரு கூரையையே நிறுத்தினார். ரூஃப்-ரூஃப் வீடு என்று பெயர். வரிசை வீட்டுக்காரருக்கு அந்த வசதி ஏது? ஒரு தாள்தான் கட்டுப்படியாகும்.

சனிக்கிழமை ஒருவர் சோலார் விளம்பரத்தாளோடு வந்தார். மருமகள் கேட்டிலேயே வைத்து அனுப்பிவிட்டாள். சூட்டைக் குறைக்காமல் மின்சாரம் தயாரித்து ஏர்கோனுக்கு ஊற்றுவது எனக்கும் தலைகீழாகத்தான் படுகிறது.

அவளுக்குக் கணக்கு பில்லில் இருந்தது. 2014 முதல் பல வருஷம், முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.80 சென், 300-ஐத் தாண்டினால் 51.60 சென். அறைக்கு ஒரு ஏர்கோன் ஓடும் வீடு அந்த மேல்படியில்தான் குடியிருக்கும். 2025 ஜூலையில் கட்டணமுறை மாறியது, ஆனாலும் குறைத்துப் பாவிப்பவருக்கே சலுகை. பழைய மூன்று ஏர்கோனில் இரண்டு லாரியேறின. ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரோடு இன்வெர்ட்டர் ஒன்று வந்திறங்கியது.

சண்டை வந்தது பின்கூரையில்தான்.

“மாமா, தொறந்துவிட்டா மழையில அடுப்பு நனையும்.”

“நாலடிதானம்மா. நனையட்டும்.”

சீனக் காண்ட்ரக்டர் இருவரையும் பார்த்தார். பெரியவர் அவர் பக்கம் திரும்பி, “பெலாகாங் மெஸ்தி புக்கா, போஸ். அங்கின் மாசோக்” என்றார். பின்பக்கம் திறந்தாக வேண்டும், காற்று நுழையட்டும். காண்ட்ரக்டர் தரையிலிருந்த அட்டையில் பென்சிலால் கோடு இழுத்தார். கூரையைத் திறக்கவேண்டாம், நடுவில் நாலடியை மட்டும் ஒன்றரை அடி உயர்த்தி, பக்கவாட்டில் கம்பிவலை அடித்துவிடலாம். சூடு மேலே ஏறிப் போய்விடும், மழை உள்ளே விழாது. மருமகள் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் தே ஆயிஸ் வாங்க ஒட்டுக்கடைக்கு ஆள் அனுப்பினாள்.

நாக்கோ கண்ணாடிகளைப் பெரியவர் இத்தனை வருஷமும் கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். முப்பத்தாறு எண்ணினேன். இரண்டு விளிம்பு உடைந்திருந்தது. ஏர்கோன் அறைகளின் கண்ணாடி அப்படியே இருக்க, மற்ற இடங்களில் நாக்கோ திரும்ப ஏறியது. போர்ச் ஓரம் சிமெண்டை இரண்டடி கொத்தியெடுத்து மாங்கன்று நட்டார். அது நிழல் தர எத்தனை வருஷமோ, அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம், சாயங்காலம் நாலு மணி. மைன்ஸ் ஏரிப் பக்கம் வானம் கறுத்து, மழைக்கு முந்தின காற்று கிளம்பியது. எதிர் வீட்டுப் பச்சைத் திரைச்சீலை உப்பியது. கம்பியைத் தாண்டி வெளியே வந்து படபடத்தது.

உள்ளே சாமி மேடையில் விளக்கு அணைந்தது. மருமகள் மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. ஜன்னலுக்கு வந்து நாக்கோவின் கைப்பிடியை அழுத்தி, பாதி மூடினாள்.

பெரியவர் பார்த்தார். அவள் உள்ளே போனதும், ஒரு விரல் அளவுக்குத் திறந்துவிட்டார்.